சாதனமும் சட்டமும்: கதிரவெளியிலிருந்து ஒரு நோக்கு

ஒரு முழம் பருத்தித் துணியை எடுத்துக்கொள்வோம். புடைவைக் கடையில் அது வெறும் துணி. அதனையே அளவாக வெட்டி, மடித்து, நீராவியில் கிருமி நீக்கி, உறையிலிட்டு, ‘காயத்திற் கட்டுவதற்கு’ என்று உறையின்மேல் அச்சிட்டுவிட்டால், அக்கணம் முதல் அது சட்டத்தின் கண்ணுக்கு மருத்துவச் சாதனம். நூல் மாறவில்லை, நெய்த கையும் மாறவில்லை. மாறியது ஒன்றுதான்: அப்பொருள் எதற்காக என்னும் நோக்கம். அதே துணி போர்க்காலத்தில் ஒரு சோதனைச் சாவடியை வந்தடைந்தபோது மூன்றாவது பெயர் ஒன்றையும் பெற்றது. பாதுகாப்பு அமைச்சின் அனுமதியின்றி அப்பால் செல்லக் கூடாத பண்டம் என்பது அப்பெயர்.

ஒரு பொருளுக்கு மூன்று பெயர்கள். பெயரிட்டவர்களும் மூவர்: வணிகர், உற்பத்தியாளர், அரசு. அத்துணியால் தன் காயத்தைக் கட்டிக்கொள்ள வேண்டிய மனிதனை மட்டும் எவரும் கேட்கவில்லை. மருத்துவச் சாதனங்களைச் சட்டம் எவ்வாறு வரையறுத்தது, எவ்வாறு கட்டுப்படுத்தியது என்னும் வரலாற்றை நாம் ஆராயப் புகுவது இவ்வொரு கேள்வியை முன்வைத்தே. சட்டம் பேசும் நோக்கம் யாருடைய நோக்கம்? சட்ட வல்லுநர்களுக்குரிய நுணுக்கம் என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. கதிரவெளி போன்ற ஒரு கிராமத்திலிருந்து பார்க்கும்போது, அது உயிரைப் பற்றிய கேள்வியாகவே நிற்கின்றது.

கதிரவெளி, மட்டக்களப்பு மாவட்டத்தின் வட கோடியில், வாகரையைத் தலைமையிடமாகக் கொண்ட கோறளைப்பற்று வடக்குப் பிரிவில் உள்ள கடலோரக் கிராமம். பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் அங்கு கண்டறியப்பட்டுள்ளன. ஆகவே மக்கள் வாழ்ந்த தொன்மைக்குக் குறைவில்லை. குறைவு வேறிடத்தில். மட்டக்களப்பு நகரின் பெரிய ஆஸ்பத்திரி அறுபது கிலோமீற்றருக்கும் அப்பால். வடக்கே திருகோணமலைக்குச் செல்வதாயின், அண்மைக் காலம் வரை வெருகலாற்றைப் பாதையிலேறிக் கடக்க வேண்டியிருந்தது. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் ஒரு மருத்துவக் கருவிக்கு இவ்வூர் நெடும்பயணத்தின் கடைசித் தரிப்பு. சட்டத்தின் நீளத்தை அளக்க விரும்புவோர் அதன் தொடக்கத்தில் நின்று அளக்கலாகாது. இத்தகைய முடிவிடத்தில் நின்றே அளக்க வேண்டும்.

மருந்தைச் சட்டம் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுகொண்டது. கருவியை மிகவும் பிந்தியே கண்டது. உலகெங்கும் இதுவே நிலை. ஐக்கிய அமெரிக்காவில் 1906ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தூய உணவு, மருந்துச் சட்டத்தில் கருவிகள் இடம்பெறவில்லை. அந்த இடைவெளியில் புகுந்தவர்கள் பலர். சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஆல்பர்ட் ஆப்ரம்ஸ் என்னும் வைத்தியர், தாளில் உலர்த்திய ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு எந்நோயையும் கண்டறியவும் தீர்க்கவும் வல்லவை என்று சில மின்பெட்டிகளைப் பரப்பினார். பெட்டியைத் திறந்து பார்க்கலாகாது என்னும் நிபந்தனையுடன் அவை வாடகைக்கு விடப்பட்டன. திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தவை நோயோடு எவ்விதத் தொடர்புமற்ற சாதாரண மின்னுறுப்புகளே. ஆப்ரம்ஸ் 1924இல் மறைந்தார், பெட்டிகளோ மறையவில்லை.

1938ஆம் ஆண்டுச் சட்டம் கருவிகளையும் தன் வரம்புக்குள் கொணர்ந்தது. ஆயினும் பொய் விளம்பரத்தோடு விற்கப்பட்ட கருவியை விற்பனைக்குப் பின்னர் கைப்பற்றவே அது வழிசெய்தது. விற்பனைக்கு முன் சோதிக்க வழிசெய்யவில்லை. இதன் விலையைப் பெண்களே செலுத்தினர். டால்கன் ஷீல்ட் என்னும் கருத்தடைச் சாதனம் 1971இல் சந்தைக்கு வந்தது. கருப்பையினுள் வைக்கப்படும் அச்சாதனத்தின் இழை கிருமிகளுக்கு ஏணியாயிற்று. கடும் தொற்றுகளும் மரணங்களும் நிகழ்ந்த பின்னர், 1974இல் அமெரிக்காவில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. இதன் பின்னரே 1976இல் மருத்துவச் சாதனத் திருத்தச் சட்டம் நிறைவேறியது. கருவிகள் தரும் ஆபத்தின் அளவுக்கேற்ப அவற்றை மூன்று வகுப்புகளாகப் பிரிக்கும் முறையும், உயர் ஆபத்துடையனவற்றைச் சந்தைக்கு வருமுன்னரே ஆராயும் முறையும் அப்போதுதான் தோன்றின. ஒவ்வொரு வாசகத்தின் பின்னாலும் ஒரு பிரேதக் கட்டில் கிடக்கின்றது என்பதே இச்சட்ட வரலாற்றின் முதற் பாடம்.

நமது நாட்டு வரலாறு வேறு வழியாக வந்தது. குடியேற்ற ஆட்சி நமக்கு விட்டுச் சென்றது, 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச்சட்டம் போன்ற காவற் சட்டங்களையே. நச்சுப் பொருள் யார் கையில் இருக்கலாம் என்று அவை கேட்டன. நோயாளிக்கு நல்ல பொருள் நியாய விலையில் கிடைக்கின்றதா என்று கேட்கவில்லை.

அக்கேள்வியை எழுப்பியவர்கள் இடதுசாரிகள். 1934, 35ஆம் ஆண்டுகளின் கொடிய மலேரியாக் காலத்தில், சூரியமல் இயக்கத் தோழர்கள் மருந்தையும் உணவையும் சுமந்துகொண்டு கிராமங்களுக்குச் சென்றனர். அவர்களுள் ஒருவரான வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, பின்னர் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவரானார். அவரும், மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலேயும் இணைந்து 1971இல் அரசுக்கு அளித்த அறிக்கையிலிருந்து அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. பிபிலே அதன் முதற் தலைவரானார். வணிகப் பெயரை விட்டு மருந்தின் பொதுப் பெயரைச் சொல், உலகச் சந்தையில் பகிரங்கக் கேள்விப்பத்திரம் கோரு, தேவையற்றதை வாங்காதே. இம்மூன்று எளிய விதிகளே அன்னியக் கம்பனிகளின் ஏகபோகத்தை அசைக்கப் போதுமாயிருந்தன.

எனினும் இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை நாம் உணர்தல் வேண்டும். மருந்துக்குப் பொதுப் பெயர் உண்டு. கருவிக்கு அது எளிதிற் கிட்டுவதில்லை. பராசிற்றமோல் எந்தத் தொழிற்சாலையில் செய்யப்பட்டாலும், தரமாயின், பராசிற்றமோலே. இரத்தப் பரிசோதனை இயந்திரமோ அவ்வாறன்று. ஒரு கம்பனியின் இயந்திரத்தை வாங்கினால், அதற்கு ஊற்றும் வினைப்பொருளையும் பெரும்பாலும் அக்கம்பனியிடமே வாங்க வேண்டும், பழுதுபார்ப்பவரும் அவர்களுடைய ஆளே, உதிரிப்பாகமும் அவர்களுடையதே. மருந்து உட்கொண்டதும் முடிந்துவிடுகின்றது. கருவியோ பல்லாண்டு வாழ்கின்றது, தேய்கின்றது, பிழைபட அளக்கின்றது. ஆகையால் கருவியை ஆளும் சட்டம், பொருள் கைமாறும் கணத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதன் ஆயுள் முழுவதையும் பார்க்க வேண்டும்.

பிபிலே 1977ஆம் ஆண்டு செப்டெம்பரில் கயானாவில் காலமானார். அவ்வாண்டிலேயே ஆட்சி மாறியது; திறந்த பொருளாதாரம் வந்தது; இறக்குமதியின் கதவுகள் அகலத் திறந்தன. அத்திறந்த கதவில் காவலாளியாக நிறுத்தப்பட்டதே 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க அழகுசாதனப் பொருட்கள், சாதனங்கள், மருந்துகள் சட்டம். முகப்பூச்சும், அறுவைக் கத்தியும், மாத்திரையும் ஒரே சட்டத்தின் தலைப்பில் அருகருகே நின்றன. மூன்றையும் சந்தைப் பண்டமாகக் கண்ட பார்வையை இத்தலைப்பே காட்டிவிடுகின்றது.

எனினும் அச்சட்டத்தின் வரையறை குறைத்து மதிப்பிடத் தக்கதன்று. மனிதரிலோ விலங்கிலோ நோயைக் கண்டறிதல், சிகிச்சையளித்தல், தணித்தல், தடுத்தல் ஆகியவற்றிற்கும், உடலுறுப்பின் தொழிலை மீட்டல், திருத்தல், மாற்றல் ஆகியவற்றிற்கும், கருவுற்ற தாயையும் பிறந்த மகவையும் பேணுவதற்கும் செய்யப்பட்ட அல்லது விற்கப்பட்ட எந்தப் பொருளும், உபகரணமும், அதன் பகுதியும் சாதனமே என்று அது கூறியது. காய்ச்சல் அளக்கும் கண்ணாடிக் குழாய் முதல் கதிர்ப்பட இயந்திரம் வரை இவ்வலையுள் அடங்கும். ஆனால் இதில் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, ‘செய்யப்பட்ட அல்லது விற்கப்பட்ட’ என்ற சொற்கள் பொருளின் பிறப்பையும் விலையையும் மட்டுமே கண்டன. மற்றொன்று, சட்டத்தைச் செயற்படுத்தும் அதிகாரி சுகாதார சேவைகளின் பணிப்பாளரே. அரச ஆஸ்பத்திரிகளுக்குப் பொருள் வாங்கும் இயந்திரமும், வாங்கிய பொருளைச் சோதிக்கும் இயந்திரமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. தன் கணக்கைத் தானே பரிசோதிப்பவனுக்குப் பிழை தென்படுவது அரிது.

இச்சட்டம் பிறந்து மூன்றாண்டுகளில் நாடு போரில் வீழ்ந்தது. அதன்பின் வடக்கிலும் கிழக்கிலும், சுகாதாரச் சட்டத்தின்மேல் அவசரகால ஒழுங்குவிதிகளும் பாதுகாப்பு அமைச்சின் தடைப்பட்டியல்களும் ஏறி அமர்ந்தன. அரச கட்டுப்பாட்டுக்கு வெளியேயிருந்த பகுதிகளுக்கு எரிபொருள், சீமெந்து, மின்கலம் முதலியன தடுக்கப்பட்டன. மருத்துவப் பொருட்களும் அனுமதியின்றிச் செல்ல முடியவில்லை. கண்டறியும் கருவி மின்கலத்தால் இயங்குகின்றது. கிருமி நீக்கும் அடுப்பு எரிபொருளால் எரிகின்றது. தடுப்பூசியின் குளிர்பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். சாதனத்தின் பகுதியும் சாதனமே என்று 1980ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. சோதனைச் சாவடியிலோ மின்கலம் மின்கலமாகவே எண்ணப்பட்டது. அது யாருடைய உயிரை அளக்கும் கருவிக்குள் செல்லவிருந்தது என்பது அங்கு எவருக்கும் பொருட்டாகவில்லை.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வாகரைக் கரையைத் தாக்கிற்று. உலகம் இரங்கிற்று, உதவிப் பொருள்கள் குவிந்தன. இத்தகைய அனர்த்தங்களில் உதவியாக வரும் கருவிகள் பல, பெறுவோர் அறியாத மொழியில் எழுதிய கையேட்டுடனும், பொருந்தாத மின்னழுத்தத்துடனும், உதிரிப்பாகம் இன்றியும் வந்து சேர்வது உலகறிந்த உண்மை. இதனைக் கண்டே உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டில் மருத்துவ உபகரண நன்கொடைக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருந்தது. பெறுவோரின் தேவையைக் கேட்டறிந்து கொடு. கொடுப்பவரின் நாட்டில் ஏற்கத் தகாததைப் பிறருக்குக் கொடாதே என்பதே அவற்றின் சாரம். கொடையிலும் நோக்கம் என்ற கேள்வி உண்டு என்பதை அந்நெறிகள் ஒப்புக்கொண்டன.

இரண்டே ஆண்டுகளில் அதே கரைக்குப் போர் மீண்டது. மூதூர், ஈச்சிலம்பற்று முதலிய இடங்களிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள் கதிரவெளிப் பாடசாலையிலும் சுற்றுப்புறங்களிலும் தஞ்சம் புகுந்திருந்தனர். வாகரைக்குச் செல்லும் பொருள்களை அரசு கட்டுப்படுத்தியது. மக்கள் வெளியேறுவதை விடுதலைப் புலிகள் தடுத்தனர். 2006 நவம்பர் 8ஆம் நாள் இராணுவத்தின் எறிகணைகள் அப்பாடசாலையில் வீழ்ந்தன. நாற்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் மடிந்தனர். மேலும் பலர் காயமுற்றனர். புலிகளின் பீரங்கி நிலைகளை நோக்கியே சுட்டதாக இராணுவம் கூறியது. மனித உரிமை அமைப்புகள் விசாரணை கோரின. 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் கைக்கு வந்தபோது, மக்கள் பல்லாயிரவராக ஏற்கெனவே தெற்கு நோக்கி ஓடிவிட்டிருந்தனர்.

அந்நாளில் காயமுற்றவருக்கு எந்தச் சட்டம் துணைநின்றது? கொடிய முரண் யாதெனில், அவ்வாண்டின் தொடக்கத்திலேயே நமது பாராளுமன்றம் 2006ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க ஜெனிவாச் சமவாயங்கள் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனிவாச் சமவாயத்தின் 23ஆம் உறுப்புரை, எதிர்த்தரப்பின் பொதுமக்களுக்கு மட்டுமே கருதப்பட்ட மருத்துவப் பொருள்களைத் தடையின்றிச் செல்லவிட வேண்டும் என்கின்றது. ஆனால் எதிரிக்கு அதனால் அனுகூலம் உண்டாகும் என்று அஞ்சத் தக்க காரணமிருப்பின், அனுமதிக்கும் கடப்பாடு நீங்கும் என்று அடுத்த வரிகளிலேயே வாயிலை அடைத்துவிடுகின்றது. அதுவும் நாடுகளுக்கிடையே நிகழும் போருக்கு எழுதப்பட்டது. உள்நாட்டுப் போருக்குரிய மூன்றாம் உறுப்புரையில், காயமுற்றோரையும் நோயுற்றோரையும் சேகரித்துப் பேண வேண்டும் என்ற ஒரு வாக்கியமே உண்டு. பேணுவது எதனைக் கொண்டு? வெறுங்கையால் அன்று. பேணுதல் என்ற சொல்லுக்குள் கத்தியும், ஊசியும், கட்டுத்துணியும் அடங்கியிருக்கின்றன என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை.

போருக்குப் பின்னர் மருந்துக் கொள்கை பற்றிய குரல் மீண்டும் ஓங்கியது. பிபிலேயின் கருத்துகளைத் தழுவிய தேசிய மருந்துக் கொள்கை 2005இலேயே ஏற்கப்பட்டிருந்தது. அது சட்டமாவதற்குப் பத்தாண்டுகள் சென்றன. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை தோன்றியது. மருந்துகளுக்கு ஒன்று, மருத்துவச் சாதனங்களுக்கு ஒன்று, இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லைப் பொருள்களுக்கு ஒன்று எனத் தனித்தனிப் பிரிவுகள் அமைந்தன. வரையறையும் விரிந்தது. உடலினுள் பதிக்கப்படும் பொருளும், ஆய்வுகூட வினைப்பொருளும், கணினி மென்பொருளும் இன்று சாதனம் என்னும் சொல்லில் அடங்குகின்றன. மருந்தைப் போல இரசாயன வழியாலன்றி வேறு வழியால் தன் முதன்மைத் தொழிலைச் செய்வது சாதனம் என்று மருந்துக்கும் சாதனத்துக்கும் இடையே உலக வழக்கையொட்டிக் கோடு இழுக்கப்பட்டது. அண்டை நாடான இந்தியாவில், சாதனங்களைச் சட்டம் நெடுங்காலம் ‘மருந்து’ என்ற பெயராலேயே ஆண்டது. 1989இல் ஒருமுறை பயன்படுத்தும் ஊசிகள் முதலிய சில மட்டுமே அங்கு அறிவிக்கப்பட்டன. 2020 ஏப்ரலிலிருந்தே எல்லா மருத்துவச் சாதனங்களும் அவ்வரையறையுள் வந்தன. இதனோடு ஒப்பிட்டால், சாதனத்தைச் சாதனம் என்றே அழைத்த நமது சட்டம் ஒரு படி முன்னே நின்றது எனலாம்.

ஆயினும் இப்புதிய வரையறையின் நடுவில் ஒரு தொடர் இருக்கின்றது. உலக நாடுகள் பலவற்றின் சட்டங்களிலும் அது உண்டு. ‘உற்பத்தியாளரால் கருதப்பட்ட’ நோக்கம் என்பதே அத்தொடர். இதில் நன்மை உண்டு என்பதை மறுக்கலாகாது. தன் பெட்டி நோயைத் தீர்க்கும் என்று சொல்பவனை, சொன்ன சொல்லிலேயே பிடித்து நிறுத்த அது உதவும். ஆப்ரம்ஸ் வகையினர் இன்று அவ்வளவு எளிதில் தப்ப முடியாது. ஆனால் நோயாளி எவ்விடத்தில், எந்த வெப்பத்தில், எந்த மின்சாரத்தில், யார் கையால் அச்சாதனத்தைப் பெறுகின்றான் என்பது அந்நோக்கத்தின் வெளியே நிற்கின்றது. தொழிற்சாலையின் கருத்து சட்டத்தில் ஏறியது. கிராமத்தின் தேவை ஏறவில்லை.

இவ்விரண்டும் ஒன்றுபட முடியாதவை அல்ல என்பதற்குச் சான்று ஒன்று நம்மிடையே உண்டு. 1968இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் வைத்தியர் பி. கே. சேத்தியும் இணைந்து உருவாக்கிய றப்பர்ப் பாதத்தை எண்ணிப் பாருங்கள். மேனாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்தையும் நாற்காலியையும் எதிர்பார்த்தது. நம்மவரோ வெறுங்காலோடு சேற்றில் இறங்குபவர், நிலத்தில் சம்மணமிடுபவர், குந்தியிருப்பவர். அவர்களின் வாழ்விலிருந்தே நோக்கத்தை எடுத்து அப்பாதம் வார்க்கப்பட்டது. போர்க்காலத்தில், 1987இல், யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கப்பட்டுக் கால் இழந்தோர்க்கு நடை கொடுத்தது. இங்கே உற்பத்தியாளரின் கருத்தும் நோயாளியின் தேவையும் வேறுவேறல்ல. காலை அளந்த கையே காலைச் செய்தது.

சட்டம் இருந்தும் காவல் எவ்வளவு மெலிந்தது என்பதை அண்மை ஆண்டுகள் காட்டின. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அந்நியச் செலாவணி வற்றியபோது மருந்தும் சாதனமும் அருகின. பேராதனைப் போதனா ஆஸ்பத்திரி போன்ற பெரிய இடத்திலேயே திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. பெரிய மரமே ஆடியபோது கடைக்கோடிக் கிளையின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. உயிர்காக்கும் அவசர நிலையில், பதிவு செய்யப்படாத பொருளையும் குறித்த அளவில் தருவிக்க 2015ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகின்றது. அத்தகைய வாயில் வேண்டியதே. ஆனால் பஞ்சக் காலத்தில் பக்கவாயிலே பெருவாயிலாகிவிட்டால், காவலாளி இருந்தும் இல்லாதவனே. 2023இல் வெளிப்பட்ட போலி இம்யூனோகுளோபுலின் விவகாரம் மருந்தைப் பற்றியது எனினும், இந்த ஆபத்தை நாடறியச் செய்தது.

ஆகவே நாம் கேட்பது யாது? வரையறையைக் கிழித்தெறியுமாறு நாம் கேட்கவில்லை. அதனை முடித்து வைக்குமாறே கேட்கின்றோம். சாதனம் என்பது தொழிற்சாலையில் பிறந்து துறைமுகத்தில் பதிவாகும் பொருள் மட்டுமன்று. அது கடைசி ஆஸ்பத்திரியை அடைய வேண்டும். அங்கு இயங்க வேண்டும். பழுதானால் குறித்த காலத்துக்குள் திருத்தப்பட வேண்டும். தீங்கு செய்தால் அத்தீங்கை ஒரு தாதியோ நோயாளியோ தன் தாய்மொழியில் முறையிடவும், அம்முறைப்பாட்டிற்கு மறுமொழி பெறவும் வழி வேண்டும். எந்த நெருக்கடியிலும், எந்தப் போரிலும், கட்டுத்துணிக்கும் ஊசிக்கும் அவற்றை இயக்கும் மின்கலத்துக்கும் மருத்துவச் சாதனம் என்ற பெயரே இறுதிப் பெயராக நிற்க வேண்டும். வேறெந்தப் பட்டியலும் அப்பெயரை அழித்தெழுத அனுமதிக்கலாகாது.

இது வைத்தியர்களும் வழக்கறிஞர்களும் மட்டும் பேசி முடிக்கத் தக்க காரியமன்று. நமது ஆசிரிய நண்பர்கள் குடியியற் பாடத்திலே பாராளுமன்றம் சட்டமியற்றும் முறையைக் கற்பிக்கின்றனர். இச்சட்டத்தையும் ஓர் உதாரணமாக எடுத்து மாணவர் முன் வைக்கட்டும். மாணவர்கள் தம் ஊர் ஆஸ்பத்திரிக்குச் சென்று, எக்கருவி இயங்குகின்றது, எது துணியால் மூடிக் கிடக்கின்றது, ஏன் என்று கேட்டு எழுதட்டும். பிபிலேயின் அறிக்கையும் இத்தகைய எளிய கணக்கெடுப்பிலிருந்தே வலிமை பெற்றது: எதை வாங்குகின்றோம், என்ன விலைக்கு, யாருக்காக? அம்மூன்றாவது கேள்விக்குக் கதிரவெளி மக்களே விடை என்று சட்டப் புத்தகத்தில் எழுதப்படும் வரை, சாதனத்தின் வரையறை நிறைவு பெற்றதாக நாம் ஏற்கமாட்டோம்.